வாகன எஞ்சின் கோளாறும் உத்தரவாதப் பத்திரமும்: பாவனையாளர் அறிந்திருக்க வேண்டியவை

இலங்கையில் நடுத்தர வர்க்கக் குடும்பமொன்று வீட்டுக்கு அடுத்தபடியாகச் செய்கின்ற மிகப் பெரிய முதலீடு வாகனமே எனலாம். காணியை விற்றோ, நகைகளை அடகு வைத்தோ, மத்திய கிழக்கில் பல வருடங்கள் உழைத்துச் சேமித்த பணத்தைக் கொண்டோதான் பலர் வாகனம் வாங்குகின்றனர். மீதித் தொகை லீசிங் கடனாகிறது. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டதையடுத்து, புதிய வாகனங்களின் விற்பனை மீண்டும் சூடுபிடித்தது. இத்தனை விலை கொடுத்து வாங்குபவருக்கு விற்பனையாளர் அளிக்கும் பெரிய ஆறுதல், வாகனத்துடன் வழங்கப்படும் உத்தரவாதமாகும்.

கதவுக் கைபிடி, கண்ணாடி மோட்டார், வானொலி போன்ற சிறிய பழுதுகளை முகவர் நிறுவனங்கள் பெரும்பாலும் வாதமின்றித் திருத்திக் கொடுக்கின்றன. அவற்றுக்கான செலவு சிறியது. ஆனால், எஞ்சின் பழுதடையும்போது நிலைமை முற்றிலும் வேறாகிவிடுகிறது. எஞ்சினை மாற்றுவதாயின் அதற்கான செலவு வாகனத்தின் விலையில் கணிசமானதொரு பங்காகும். அந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கான பதில், எஞ்சின் ஏன் பழுதடைந்தது என்ற கேள்விக்கான பதிலிலேயே தங்கியுள்ளது. உற்பத்திக் குறைபாடு என்றால் செலவு நிறுவனத்துக்குரியது. பராமரிப்பின்மை என்றால் அது வாகன உரிமையாளரின் தலையில் விழும்.

இங்கேதான் பாவனையாளரின் உண்மையான பலவீனம் இருக்கிறது. காரணத்தைக் கண்டறிந்து கூறுகின்ற தரப்பும், அதன் பேரில் பணம் செலவிட வேண்டிய தரப்பும் ஒன்றாகவே இருக்கின்றன. முகவர் நிறுவனத்தின் வேலைத்தளத்தில், அந்நிறுவனத்தின் ஊழியரே எஞ்சினைக் கழற்றிப் பார்த்து, அந்நிறுவனமே தீர்ப்பும் கூறுகின்றது. இந்த ஏற்பாட்டுக்கு எதிராகச் சாதாரண பாவனையாளர் கையில் இருக்கக்கூடிய ஒரேயொரு பாதுகாப்பு, எழுத்தில் உள்ள சான்றுகளேயாகும்.

உத்தரவாதம் யாருடையது?

உத்தரவாதம் என்ற சொல்லை நாம் ஒரே பொருளில் வழங்கினாலும், அதனை அளிப்பவர்கள் வெவ்வேறு தரப்பினர் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். புதிய வாகனத்துக்கு உற்பத்தி நிறுவனம் அளிக்கும் உத்தரவாதம் ஒரு வகை. இறக்குமதியாளரோ விற்பனையாளரோ தமது சொந்தப் பொறுப்பில் அளிக்கும் உத்தரவாதம் இன்னொரு வகை. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வாகனங்களுக்கு, அவற்றை இறக்குமதி செய்தவர் சில மாதங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுக்கும் உறுதி மூன்றாவது வகை. ஒரு நாட்டின் சந்தைக்கென அளிக்கப்பட்ட உற்பத்தியாளர் உத்தரவாதம், வாகனம் வேறொரு நாட்டுக்குத் தனிப்பட்ட முறையில் கொண்டுவரப்படும்போது அங்கும் செல்லுபடியாகும் என்று எதிர்பார்க்க இயலாது. எனவே, உத்தரவாதப் பத்திரத்தில் எந்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும் உள்ளன, யார் கையொப்பமிட்டிருக்கிறார் என்பதை வாங்கும்போதே கவனிக்க வேண்டும்.

பத்திரத்தில் பொதுவாக இரண்டு எல்லைகள் குறிப்பிடப்பட்டிருக்கும். ஒன்று வருடக் கணக்கு, மற்றையது கிலோமீற்றர் கணக்கு. இவற்றில் எது முதலில் முடிகிறதோ அத்துடன் உத்தரவாதமும் முடிந்துவிடும். நாளாந்தம் நெடுந்தூரம் ஓடும் வான் ஒன்றுக்கு வருடக் கணக்கு பெரிதும் பயன்படாது. வாடகைக்கு ஓடும் வாகனங்களுக்குக் குறுகிய உத்தரவாதமே அளிக்கப்படும் என்ற நிபந்தனையும் சில பத்திரங்களில் உண்டு. முச்சக்கரவண்டிச் சாரதிகளும் வான் உரிமையாளர்களும் இதனைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முகவர் நிறுவனத்தின் நிலையையும் நியாயமாக நோக்க வேண்டும். உற்பத்தியாளரின் உத்தரவாதத்தின் கீழ் எஞ்சினைத் திருத்தும் முகவர், அதற்கான செலவை வெளிநாட்டிலுள்ள உற்பத்தி நிறுவனத்திடமிருந்து மீளப் பெறவேண்டியவர். தகுந்த ஆவணங்கள் இன்றி வேலை செய்தால் உற்பத்தியாளர் பணம் தர மறுக்கலாம். அந்த நட்டம் முகவரையே சாரும். முகவர் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பதன் பின்னணி இதுவேயாகும். முழுமையான ஆவணங்களோடு வரும் வாடிக்கையாளர் தமது கோரிக்கையை வலுப்படுத்துவதோடு, உற்பத்தியாளரிடம் முகவர் சமர்ப்பிக்கும் கோரிக்கையையும் வலுப்படுத்துகிறார்.

ஒரே விளைவு, பல காரணங்கள்

எஞ்சினுக்குள் கிராங்க் ஷாப்டும், அதனைப் பிஸ்டன்களுடன் இணைக்கும் கனெக்டிங் றொட்களும் பெயாரிங்குகளில் சுழல்கின்றன. உண்மையில் அவை உலோகத்தின் மீது நேரடியாக உரசுவதில்லை. இடையே அழுத்தத்துடன் ஓடும் மெல்லிய எண்ணெய்ப் படலமே அவற்றைத் தாங்கி நிற்கின்றது. அந்தப் படலம் சில கணங்கள் அறுந்தாலும் உலோகம் உலோகத்தில் உரசி, பெயாரிங் தேய்ந்து, எஞ்சினுக்குள்ளிருந்து தட்டுவது போன்ற ஓசை எழத் தொடங்கும். அதன் பின்னரும் ஓட்டினால் றொட் முறிந்து சிலிண்டர் புளொக்கையே உடைத்து வெளிவரவும் கூடும்.

எண்ணெய் ஏன் போய்ச் சேரவில்லை? உரிமையாளர் உரிய காலத்தில் எண்ணெயை மாற்றாதிருந்திருக்கலாம். பிழையான தரத்திலான எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கலாம். தொழிற்சாலையில் கடையும்போது எஞ்சிய உலோகத் துகள்கள் எண்ணெய்ப் பாதையை அடைத்திருக்கலாம். எண்ணெய்ப் பம்பி பழுதடைந்திருக்கலாம். கடைசிச் சேர்விஸின்போது பில்டர் சரியாக இறுக்கப்படாது விடப்பட்டிருக்கலாம். உடைந்த எஞ்சினைக் காணும் சாதாரண மனிதருக்கு இவையனைத்தும் ஒன்றாகவே தோன்றும். ஆனால், இவற்றில் முதலாவது உரிமையாளரின் தவறு. பிழையான எண்ணெயைப் பொறுத்தவரை அதனை ஊற்றியவர் பொறுப்பாளி. துகள்களும் பம்பியும் உற்பத்தியாளரின் பொறுப்பு. இறுக்கப்படாத பில்டர் சேர்விஸ் செய்தவரின் பொறுப்பு.

எஞ்சின் சூடேறிச் சிலிண்டர் ஹெட் கஸ்கற் எரிவதும் இத்தகையதே. குளிரூட்டும் நீர் குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டியதும் காரணமாகலாம், நீர்ப் பம்பியின் குறைபாடும் காரணமாகலாம். வெள்ளநீரில் ஓட்டியதால் சிலிண்டருக்குள் நீர் புகுந்து றொட் வளைந்தால் அதனை உத்தரவாதம் ஏற்காது. அது காப்புறுதி நிறுவனத்திடம் கொண்டு செல்ல வேண்டிய விடயம். கலப்பட எரிபொருளால் ஏற்பட்ட சேதம் என்று கூறிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், அந்த எரிபொருளின் மாதிரி எங்கே, அது எங்கே பரிசோதிக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை உரிமையாளருக்கு இருக்கின்றது.

அமெரிக்க அனுபவம் கூறுவது என்ன?

பராமரிப்பின்மை என்ற பதில் எப்போதும் சரியானதாக இருப்பதில்லை என்பதற்கு அமெரிக்காவில் நடந்தவை தகுந்த சான்றுகளாகும். 1997 முதல் 2002 வரையான மாதிரிகளில் வந்த டொயோட்டா, லெக்ஸஸ் வாகனங்கள் சிலவற்றில் எஞ்சின் எண்ணெய் கூழ்போல் இறுகி, எஞ்சின்கள் சேதமடைந்தன. உரிமையாளர்கள் உரிய காலத்தில் எண்ணெய் மாற்றாததே காரணம் என்று முதலில் கூறப்பட்டது. முறைப்பாடுகள் பெருகிய நிலையில், 2002ஆம் ஆண்டு அந்நிறுவனம் சுமார் 33 இலட்சம் வாகனங்களுக்கு இக்கோளாறு தொடர்பான பாதுகாப்பை 8 வருடங்களுக்கு நீடித்தது. உரிமையாளர் நியாயமான அளவுக்குப் பராமரிப்புச் செய்தமைக்கான சான்றைக் காட்டினால் போதும் என்ற நிலைக்கு நிறுவனம் வந்தது.

ஹூண்டாய், கியா நிறுவனங்களின் விவகாரம் இதனினும் பெரியது. 2011, 2012 மாதிரி சொனாட்டா கார்களில் சுமார் 4 இலட்சத்து 70 ஆயிரத்தை 2015ஆம் ஆண்டு ஹூண்டாய் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாப்டைக் கடையும்போது எஞ்சிய உலோகத் துகள்கள் முற்றாக அகற்றப்படாததால் பெயாரிங்குகளுக்கு எண்ணெய் செல்வது தடைப்பட்டது என்பதே காரணமாகக் கூறப்பட்டது. 2016ஆம் ஆண்டு அந்நிறுவனத்தின் பொறியியலாளரான கிம் குவாங்-ஹோ, உள்ளக ஆவணங்களுடன் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் முறையிட்டார். 2017இல் இரு நிறுவனங்களும் மேலும் சுமார் 12 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தன. உரிய நேரத்தில் திரும்ப அழைக்கவில்லை என்ற குற்றச்சாட்டுத் தொடர்பில், 2020 நவம்பரில் இரு நிறுவனங்களும் மொத்தம் 21 கோடி டொலர் பெறுமதியான இணக்கப்பாட்டுக்கு வந்தன. 2021ஆம் ஆண்டு கிம்முக்கு 2 கோடி 40 இலட்சம் டொலருக்கு அதிகமான தொகை வெகுமதியாக வழங்கப்பட்டது.

இந்த எஞ்சின்கள் தொடர்பாக உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு ஓர் உடன்பாட்டில் முடிந்தது. எஞ்சினின் அடிப்பாகத்துக்கு வாகனத்தின் ஆயுட்காலம் வரை உத்தரவாதமும், ஏற்கனவே சொந்தப் பணத்தில் திருத்தியவர்களுக்கு அச்செலவைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் அதில் இடம்பெற்றன. அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ள, திருத்தியதற்கான பற்றுச்சீட்டுகள் தேவைப்பட்டன. வருடக்கணக்காகப் பழைய பற்றுச்சீட்டுகளைப் பாதுகாத்தவர்கள் அதன் பயனைப் பெற்றனர்.

இவை பழங்கதைகளும் அல்ல. எஞ்சினுக்குள் எஞ்சிய உலோகத் துகள்கள் காரணமாக 2024ஆம் ஆண்டு டொயோட்டா சுமார் ஒரு இலட்சம் வாகனங்களை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாப்ட், கனெக்டிங் றொட் குறைபாடுகளுக்காக 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் ஏறக்குறைய 6 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. உலகின் முன்னணி நிறுவனங்களின் எஞ்சின்களும் தொழிற்சாலையிலிருந்தே குறையோடு வெளிவரலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே, எஞ்சின் பழுதடைந்தவர்கள் தமது வாகனத்தின் மாதிரியும் ஆண்டும் எங்காவது திரும்ப அழைக்கப்பட்டுள்ளனவா என்பதைத் தேடிப் பார்ப்பது பயன் தரும். வேறொரு நாட்டின் அறிவித்தல் இங்குள்ள முகவரைக் கட்டுப்படுத்தாது. எனினும், அதே எஞ்சின் அதே குறையோடு அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டிருப்பது வலுவான வாதமாக அமையும்.

எஞ்சினைத் திறப்பதற்கு முன்னர்

எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன், அல்லது வழக்கத்துக்கு மாறான ஓசை கேட்டவுடன் வாகனத்தை நிறுத்திவிட வேண்டும். "வீடு வரை ஓட்டிப் பார்ப்போம்" என்று செல்வது சிறிய பழுதைப் பெரிதாக்குவதோடு, கோரிக்கையை நிராகரிப்பதற்கான காரணத்தையும் நாமே கொடுப்பதாகிவிடும். வாகனம் நின்ற திகதி, நேரம், இடம், மீற்றர் காட்டிய கிலோமீற்றர் அளவு, எரிந்த விளக்குகள் ஆகியவற்றைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்வது நல்லது. எண்ணெய் அளவுகோலின் படமும் தேவை. அருகிலுள்ள கராஜில் எஞ்சினைத் திறக்க இடமளிக்கவே கூடாது. அவ்வாறு திறந்தால், உத்தரவாதம் அத்துடன் முடிந்தது என்று முகவர் கூறுவதற்கு வழி பிறந்துவிடும்.

வாகனத்தை ஒப்படைக்கும்போது வேலைத்தளத்தில் எழுதப்படும் 'ஜொப் காட்' மிக முக்கியமான ஆவணமாகும். வாடிக்கையாளர் கூறிய முறைப்பாடு அவர் கூறியவாறே அதில் எழுதப்பட வேண்டும். "எஞ்சின் பரிசோதனை" என்று மட்டும் எழுதப்பட்டிருப்பது போதாது. கழற்றிப் பார்ப்பதற்கான கட்டணத்தை யார் செலுத்துவது என்பதும் அதில் குறிப்பிடப்பட வேண்டும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் கழற்றிய கூலியையும் வாடிக்கையாளரே செலுத்த வேண்டும் என்ற வாசகம் பல இடங்களில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

வடக்கு, கிழக்கு, மலையக வாசகர்கள் இங்கே ஒரு விடயத்தில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். பெரிய பழுதுகளுக்கான வேலைத்தளங்கள் பெரும்பாலும் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலுமே உள்ளன. யாழ்ப்பாணத்திலிருந்தோ கல்முனையிலிருந்தோ வாகனத்தைக் கட்டி இழுத்துச் செல்லும் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அத்துடன், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் அச்சிடப்பட்ட படிவத்தில், அதில் உள்ளது விளங்காமலேயே கையொப்பமிடும் பழக்கம் நம்மவரிடையே பரவலாக உண்டு. எஞ்சினைக் கழற்றச் சம்மதிப்பதாகக் கருதி, முழுத் திருத்தச் செலவையும் ஏற்பதாகக் கையொப்பமிட்டு விட்டால் பின்னர் எதுவும் செய்ய இயலாது. விளங்காத படிவத்தை வாசித்து விளக்கும்படி கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. அதன் பிரதியைப் படம் பிடித்து, விளங்கக்கூடிய ஒருவருக்கு அனுப்பிய பின்னர் கையொப்பமிடலாம்.

எஞ்சினைத் திறக்கும் நாளைத் தமக்கு அறிவிக்கும்படியும், தாமோ தமது பிரதிநிதியோ அதன்போது சமூகமளிக்க விரும்புவதாகவும் எழுத்தில் கேட்க வேண்டும். கணினிப் பரிசோதனையில் பதிவாகியுள்ள கோளாறுக் குறியீடுகளை அழிப்பதற்கு முன்னர் அவற்றின் அச்சுப் பிரதியைப் பெறவேண்டும். எண்ணெயை வெளியேற்றும்போது அதில் சிறிதளவை இரு தரப்பினர் முன்னிலையிலும் சுத்தமான போத்தலில் அடைத்து முத்திரையிட்டு வைப்பது மிகவும் பயனுள்ளது. ஆய்வுகூடத்தில் எண்ணெயைப் பரிசோதித்தால் அதிலுள்ள உலோகங்கள் தெரியவரும். ஈயமும் செம்பும் மிகுந்திருந்தால் பெயாரிங் தேய்ந்திருப்பதையும், சிலிக்கன் மிகுந்திருந்தால் தூசி புகுந்திருப்பதையும் அது காட்டக்கூடும். குளிரூட்டும் திரவம் கலந்திருந்தால் அதுவும் வெளிப்படும். கழற்றப்பட்ட பாகங்களைப் பிரச்சினை தீரும் வரை அப்புறப்படுத்தக் கூடாது என்பதையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்பது அடுத்த படியாகும். எந்தப் பாகம் பழுதடைந்தது, என்ன காரணத்தால், எந்த ஆதாரத்தின் பேரில், உத்தரவாதத்தின் எந்த நிபந்தனையின் கீழ் நிராகரிக்கப்படுகிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் தேவை. தொலைபேசியில் கூறப்படும் பதிலுக்கு எந்த மதிப்பும் இல்லை. உற்பத்தியாளரே நிராகரித்தார் என்று கூறப்பட்டால், அந்த முடிவின் பிரதியையும் கேட்கலாம். சுயாதீனமான பட்டயப் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு பாகங்களைப் பரிசோதித்து அறிக்கை பெறுவதற்கும் இதுவே தருணம். எஞ்சின் மீண்டும் பொருத்தப்பட்ட பின்னர் அந்த அறிக்கையால் பயனில்லை.

சில வேளைகளில் நிறுவனம் "நல்லெண்ண அடிப்படையில்" செலவின் ஒரு பகுதியை ஏற்க முன்வரும். உத்தரவாதக் காலம் அண்மையில் முடிந்த வாகனங்களுக்கு இது நியாயமான தீர்வாக அமையலாம். ஆனால், உத்தரவாதம் நடைமுறையிலுள்ளபோது இதனை ஏற்பதாயின், இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னர் நன்கு யோசிக்க வேண்டும். மாற்றப்பட்ட எஞ்சினுக்கு எவ்வளவு காலம் உத்தரவாதம் என்பதையும் எழுத்தில் பெறவேண்டும். பொதுவாக, பழைய உத்தரவாதத்தில் எஞ்சிய காலம் மட்டுமே அதற்குக் கிடைக்கும்.

பலரும் மறந்துவிடும் இன்னொரு விடயமும் உண்டு. சிலிண்டர் புளொக் மாற்றப்பட்டால் எஞ்சின் இலக்கமும் மாறிவிடும். வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் இடம்பெறுவதால், மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். இதற்குரிய ஆவணங்களை முகவரிடமிருந்து அப்போதே பெறாவிடின், வாகனத்தை விற்கும்போதோ காப்புறுதி கோரும்போதோ பெரும் சிக்கல் ஏற்படும்.

லீசிங்கும் இஜாராவும்

வாகனம் வேலைத்தளத்தில் மாதக்கணக்கில் நின்றாலும் லீசிங் தவணை நிற்பதில்லை. உழைக்காத வாகனத்துக்குத் தவணை கட்ட வேண்டிய நிலையே பல குடும்பங்களைக் கடனில் ஆழ்த்துகிறது. தவணையை நிறுத்தினால் வாகனம் பறிமுதலாகும் அபாயமும் உண்டு. எனவே, எஞ்சின் பழுதடைந்த உடனேயே நிதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்து, தவணைகளை மறுசீரமைக்கும்படி கோர வேண்டும். லீசிங் முறையில் வாகனத்தின் முழு உரிமையாளராகப் பதிவாகியிருப்பது நிதி நிறுவனமே. அந்த வாகனம் பெறுமதி இழப்பது அந்நிறுவனத்தையும் பாதிக்கும் என்பதால், முகவருக்கு எழுதும் கடிதத்தின் பிரதியை அதற்கும் அனுப்புவது அழுத்தத்தைக் கூட்டும். பெரும்பாலான உத்தரவாதங்கள் இழந்த வருமானத்தை ஈடு செய்வதில்லை என்பதையும் மனதிற்கொள்ள வேண்டும்.

இஸ்லாமிய நிதி முறையான இஜாராவின் கீழ் வாகனம் பெற்றவர்கள் தமது ஒப்பந்தத்தைத் தனியாக ஆராய வேண்டும். சொத்தின் உரிமை நிதி நிறுவனத்திடம் இருக்கும் வரை, அச்சொத்தின் அடிப்படைப் பயன்பாட்டுக்குத் தேவையான பாரிய பராமரிப்பு உரிமையாளரின் பொறுப்பு என்பதும், பாவிப்பவரின் தவறின்றிப் பயன்பாடு இல்லாமற் போகும் காலத்துக்கு வாடகை கோர முடியாது என்பதும் இஜாராவின் பொதுவான கோட்பாடுகளாகும். நடைமுறையில் ஒப்பந்தங்கள் இப்பொறுப்புகளை வெவ்வேறு விதமாகப் பகிர்கின்றன. எனினும், இக்கோட்பாட்டை முன்வைத்து நிறுவனத்தின் ஷரீஆ ஆலோசனைச் சபையின் விளக்கத்தைக் கேட்பதற்கு வாடிக்கையாளருக்குத் தடையில்லை.

சட்டம் தரும் பாதுகாப்பு

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமே இவ்விடயத்தில் முதன்மையானது. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளிக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு இணங்காத பொருட்கள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்க அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு அதிகாரசபைக்கு அதிகாரமளிக்கிறது. விசாரணையின் பின்னர் நட்டஈடு வழங்கும்படியோ, பொருளை மாற்றித் தரும்படியோ, பணத்தைத் திருப்பித் தரும்படியோ உத்தரவிடலாம். உத்தரவு மதிக்கப்படாதவிடத்து நீதிவான் நீதிமன்றத்தின் ஊடாக அத்தொகையை அறவிட வழியுண்டு. சேவைகள் உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்பட வேண்டும் என்ற உட்கிடையான உத்தரவாதத்தை 32ஆம் பிரிவு ஏற்படுத்துகிறது. சேர்விஸில் நடந்த கவனயீனத்தால் எஞ்சின் பழுதடைந்தால் இப்பிரிவு கைகொடுக்கும். அதிகாரசபையின் 1977 என்ற துரித தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். ஆயினும், சட்டம் எதிர்பார்ப்பது எழுத்து மூலமான முறைப்பாட்டையே.

முறைப்பாட்டுக்கான கால எல்லை மூன்று மாதங்கள் என்பது மிகக் கவனிக்க வேண்டிய விடயம். விற்பனை அல்லது சேவை வழங்கப்பட்டதிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்கிறது சட்டம். முகவர் நிறுவனம் "உற்பத்தியாளரிடமிருந்து பதில் வரவில்லை" என்று கூறிக் காலம் கடத்தும்போது இந்த எல்லை நழுவிவிடக்கூடும். எனவே, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவது பாதுகாப்பானது.

இதற்கு வெளியேயும் வழிகள் உள்ளன. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்கப்படும் பொருள் உரிய தரத்துடனும் நோக்கத்துக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை உட்கிடையாக ஏற்படுத்துகிறது. பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளும் நியாயமற்ற வாசகங்களை 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இவற்றின் அடிப்படையில் சிவில் வழக்குத் தொடர்வது பற்றிச் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெறலாம். குறைந்த பெறுமதியுள்ள பிணக்குகள் நீதிமன்றம் செல்லும் முன்னர் மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டும். அதிகாரசபைக்குச் செய்த முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்பதை அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கவும் இயலும்.

மாற வேண்டியவை

தனிமனிதரின் கவனம் மட்டும் இப்பிரச்சினையைத் தீர்த்துவிடாது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம் முறைப்பாட்டுக்கு 2 வருட கால எல்லையைத் தருகிறது. பரிசோதனையின்றிக் குறைபாட்டைத் தீர்மானிக்க இயலாதவிடத்து, பொருளை உரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பவும் அச்சட்டம் வகை செய்கிறது. பிரித்தானியாவின 2015ஆம் ஆண்டு பாவனையாளர் உரிமைகள் சட்டத்தின்படி, பொருள் கையளிக்கப்பட்டு 6 மாதங்களுக்குள் வெளிப்படும் குறை ஆரம்பத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். அவ்வாறில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவரையே சாரும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள மக்னஸன்-மொஸ் உத்தரவாதச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் உதிரிப்பாகத்தையோ சேவையையோ பணம் கொடுத்துப் பெற்றால்தான் உத்தரவாதம் செல்லும் என்று நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது.

நமது சட்டத்திலும் இத்தகைய ஏற்பாடுகள் இடம்பெற வேண்டியது அவசியமாகும். மூன்று வருட உத்தரவாதத்துடன் விற்கப்படும் வாகனம் இரண்டாவது வருடத்தில் பழுதடையும்போது, விற்பனைத் திகதியிலிருந்து எண்ணப்படும் மூன்று மாத எல்லை பொருளற்றதாகிவிடுகிறது. குறை வெளிப்பட்ட நாளிலிருந்தோ, கோரிக்கை எழுத்தில் நிராகரிக்கப்பட்ட நாளிலிருந்தோ காலம் கணிக்கப்பட வேண்டும். பல்கலைக்கழகப் பொறியியல் பீடங்களிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் உள்ள நிபுணத்துவத்தைப் பயன்படுத்தி, இரு தரப்பும் ஏற்கக்கூடிய சுயாதீனப் பரிசோதனை முறையொன்றை அதிகாரசபை உருவாக்க வேண்டும். உத்தரவாதப் பத்திரங்களும் வேலைத்தளப் படிவங்களும் மும்மொழிகளிலும் இருக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குவதற்குப் பெரும் செலவு ஏற்படப்போவதில்லை.

அதுவரை, வாகனம் வாங்கிய நாள் முதல் ஒவ்வொரு சேர்விஸ் பற்றுச்சீட்டையும், எண்ணெயின் தரமும் திகதியும் கிலோமீற்றர் அளவும் குறிக்கப்பட்ட நிலையில் ஒரு கோவையில் சேர்த்து வைப்பதே பாவனையாளர் செய்யக்கூடியது. வெளியிலுள்ள கராஜில் எண்ணெய் மாற்றினாலும் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறவேண்டும். கேட்கும் வாடிக்கையாளருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமையாகும். எஞ்சின் நின்றுபோன நாளில், "நீங்கள் பராமரிக்கவில்லை" என்ற கூற்றுக்குப் பதிலாக மேசையில் வைக்கக்கூடியது அந்தக் கோவை மட்டுமே.